வீட்டு மின்சாரத்தில் கேரவன்: ஐந்து வருட அனுபவம்

மெல்பர்னில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் கேரவன், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு, வந்து நின்று ஐந்து வருடம் ஆகிறது. வருடத்தில் ஐந்தாறு வாரம்தான் ஊர் சுற்றல். மிச்ச நாளெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் சும்மா நிற்பதில்லை. கிளம்புவதற்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜைக் குளிர வைக்க வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். திருச்சியிலிருந்து அப்பா அம்மா வந்தால் அதுதான் அவர்கள் அறை. வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி, எந்த ஊரில் எங்கே தங்குவது என்று நிறையப் பேர் சொல்லித் தந்தார்கள். வீட்டில் பிளக் போடுவது பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. என் மகளுக்கு ஷாக் அடித்தது அந்த இடத்தில்தான்.

வாங்கியது பழைய கேரவன். கூடவே ஒரு ஆரஞ்சு நிற லீடும், அதாவது சுவர் சாக்கெட்டிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரும், வந்தது. கேரவனுக்கு 15 ஆம்ப் பிளக், வீட்டுச் சுவரில் இருப்பதோ 10 ஆம்ப் சாக்கெட். பார்வைக்கு இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், 15 ஆம்ப் பிளக்கில் எர்த் பின் அகலமாக இருக்கும். மற்ற இரண்டு பின்களும் ஒரே அளவு. நம் ஊர் பெரிய பிளக், சின்ன பிளக் போல மொத்தமாக மாறாது. அந்த ஒரு பின்தான் 'இங்கே நுழையாதே' என்று தடுக்கிறது. ஆனால் இந்த லீடு கராஜ் சாக்கெட்டில் சுலபமாக நுழைந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மழை விட்ட ஒரு மாலை. மகள் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றுகொண்டு கேரவன் கதவைத் திறக்கப் போனாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "அப்பா, வேன் கடிக்குது" என்றாள்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். எர்த் பின்னின் இரு ஓரத்தையும் யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். அதுவும் தேவைக்கு மேல். பித்தளை மெலிந்து, ஓரமெல்லாம் கீறலாக இருந்தது. சாக்கெட்டுக்குள் அது எதையும் சரியாகத் தொடவே இல்லை. அதாவது இத்தனை நாள் கேரவன் எர்த் இல்லாமல் நின்றிருக்கிறது.

இதை எனக்கு விளக்கியது மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன். கேரவன் என்பது ரப்பர் டயர் மேல் நிற்கும் உலோகப் பெட்டி. வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்களுக்கு அடியிலும் பிளாஸ்டிக் பலகை வைத்திருந்தேன். பேட்டரி சார்ஜர் போன்ற சாதனங்களில் எப்போதும் கொஞ்சம் மின்கசிவு இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு பச்சை மஞ்சள் ஒயர் வழியாகப் போய்விடும். இல்லையென்றால் பெட்டி முழுக்கப் பரவிக் காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று தொடுகிறவர்தான் அதற்கு வழி. மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சேஃப்டி சுவிட்ச் வீட்டில் இருக்கிறதே, ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது 30 மில்லி ஆம்ப் அளவில்தான் விழும், இது அதற்கும் குறைவு என்றார். சரி, அப்படியானால் பெரிய ஆபத்து இல்லையே என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் மறக்கவில்லை. உள்ளே ஒரு லைவ் ஒயர் தேய்ந்து வண்டியின் உலோக உடம்பில் பட்டிருந்தால், எர்த் உள்ள வண்டியில் அந்த நொடியே சுவிட்ச் விழும். எர்த் இல்லாத வண்டியில் யாராவது தொடும் வரை விழாது.

அதனால்தான் இதைச் சொல்கிறேன்: பின்னை ராவாதீர்கள், ராவிய லீடு கையில் கிடைத்தால் வெட்டிப் போடுங்கள். நான் அன்றைக்கே வெட்டினேன்.

முதல் இரண்டு வருடம் அடாப்டர் பெட்டிதான். ஆம்ஃபிபியன் என்ற பெயரில் இங்கே பரவலாகக் கிடைக்கும் வகை. ஒரு பக்கம் 10 ஆம்ப் பிளக், மறுபக்கம் 15 ஆம்ப் சாக்கெட், நடுவில் 10 ஆம்பில் விழும் பிரேக்கரும் சேஃப்டி சுவிட்சும். மழைத் தண்ணீர் உள்ளே போகாத மூடி உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், எப்போதாவது பிளக் போடுகிறவர்களுக்கும் இதுவே போதும்.

ஆனால் 10 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட்தான். கெட்டில் ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவையும் தின்றுவிடும். அம்மா தங்கியிருந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருக்கும், காபிக்குக் கெட்டிலைப் போடுவார், படக்கென்று எல்லாம் அணைந்துவிடும். இருட்டில் அப்பா டார்ச்சோடு கராஜுக்கு வருவார். 40 டிகிரி வெயில் நாளில் எழுபது வயதுக்காரர்களிடம் ஏசியா காபியா என்று கேட்பது நன்றாக இல்லை. அந்தக் கோடை முடிந்ததும் 15 ஆம்ப் பாயிண்ட் போட்டுவிட்டோம்.

மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி கேபிள், தனி பிரேக்கர், தனி சேஃப்டி சுவிட்ச். இதை நாமே செய்யக் கூடாது. இங்கே சட்டப்படி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் வேலை முடிந்ததும் மின் பாதுகாப்புச் சான்றிதழ் தருவார்கள். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனி சேஃப்டி சுவிட்சின் அருமை மூன்றாம் வருடம் தெரிந்தது. குளிர்காலம் முழுக்கத் தொடாமல் இருந்த கேரவனில் வெந்நீர் ஹீட்டரைப் போட்டதும் சுவிட்ச் விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஹீட்டர் எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிய ஆரம்பித்திருந்தது. எலிமெண்டை மாற்றினோம், சரியாகிவிட்டது. பழைய ஏற்பாடாக இருந்திருந்தால் வீட்டுப் போர்டின் சுவிட்சும் சேர்ந்து விழுந்து, சமையலறை ஃப்ரிட்ஜும் நின்றிருக்கும். விழுகிற சுவிட்சைத் திட்டி மேலே தூக்கிக்கொண்டே இருக்காதீர்கள். அது ஒன்றைச் சொல்லத்தான் விழுகிறது.

லீடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 ஆம்ப், 2.5 சதுர மில்லிமீட்டர், ஒரே துண்டாக 20 மீட்டர் வைத்திருக்கிறேன். பாதி லீடு சுருளாகவே கிடக்கும்படி விடக் கூடாது. சுருளின் உள்ளே சூடு வெளியேற வழியில்லை, ஒயரின் மேலுறை இளகிவிடும். நான் முழுக்கப் பிரித்துப் புல்லில் வளைத்துப் போடுவேன். மாட்டும்போது சுவிட்ச் ஆஃபில் இருக்க, முதலில் கேரவன் முனை, அப்புறம் சுவர் முனை, கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் சுவர் முனையை எடுப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேஃப்டி சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியன் வந்து எர்த் தொடர்ச்சியையும் இன்சுலேஷனையும் மீட்டர் வைத்துச் சோதிக்கிறார்.

போன வாரம் லீடைக் கழற்றியபோது கேரவனில் லீடு மாட்டும் இன்லெட்டில் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. புது இன்லெட் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார். அதுவரை கேரவனுக்கு மின்சாரம் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.