சட்டைப் பொத்தானுக்காக 7 வாரம்: ஊரில் கிடைத்த ஓ.டி. அனுபவம்

இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் இருந்த 7 வாரத்தில் சொந்தக்காரர்கள் பலரைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டோம். பலருக்கு வருத்தம்தான். வாரத்தில் 3 நாள் காலை 10 மணிக்கு மகளோடு ஆக்குபேஷனல் தெரபிக்குப் போய்வந்தோம் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை; சுருக்கமாக ஓ.டி., அதைத் தருபவரையும் ஓ.டி. என்றே சொல்வார்கள்), மற்ற நாட்களில் அங்கே சொல்லிக்கொடுத்ததை வீட்டில் செய்தோம். கிளம்புவதற்கு முன் இப்படி யாராவது எழுதியதைப் படித்திருந்தால் என்னுடைய முதல் 10 நாள் வீணாகியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு 6 வயது முடிந்து 4 மாதம். பேச்சில் எந்தக் குறையும் இல்லை, கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். ஆனால் காலையில் சட்டை போட 25 நிமிடம் ஆகும். பொத்தான் விரலில் நிற்காது. ஷூ இடமும் வலமும் மாறிவிடும். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேஜையில் இருக்கும். பென்சிலை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பாள், நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகை வந்துவிடும். நாங்கள் இருக்கும் நாட்டில் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு டி.சி.டி. என்றார். வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம்.

இதில் அறிவுக் குறைவு இல்லை, தசையிலும் நோய் இல்லை. புதிதாக ஒரு அசைவைத் திட்டமிட்டு, செய்து, கைப்பழக்கமாக்கிக்கொள்வதுதான் இந்தக் குழந்தைகளுக்குச் சிரமம். மற்ற பிள்ளைகளின் கைக்குத் தானாக வருவதை இவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகளில் 100 பேருக்கு 5, 6 பேர் இப்படி இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்களில் எத்தனை பேர் சோம்பேறி, கவனமில்லாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நானே அந்த வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாட்டில் ஓ.டி.க்குப் பெயர் கொடுத்து 11 மாதமாகியும் முறை வரவில்லை. சரி, ஊரில் இருக்கும் நாட்களையாவது பயன்படுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் போன இடம் பார்க்கப் பெரிதாக இருந்தது. வண்ண வண்ணப் பந்துகள், ஊஞ்சல், ஏறுவதற்குச் சுவர். மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். 45 நிமிடம் கழித்து வியர்த்து, சிரித்துக்கொண்டு வெளியே வருவாள். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "சென்சரி ஒர்க் பண்றோம் மேடம். அது சரியானா மத்ததெல்லாம் தானா வரும்" என்பதே பதில். எது சரியானால் எது வரும், எவ்வளவு நாளில் என்று கேட்டால் விடை இல்லை. பத்தாவது நாள் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதில் என் மகளை ஆண் குழந்தை என்று எழுதியிருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அன்றோடு நிறுத்திவிட்டோம்.

ஊஞ்சலைக் குறை சொல்லவில்லை. உடல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்கிற உணர்வுகளை மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்று ஆராய்ந்து ஒரு முறையை உருவாக்கியவர் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. அந்த வழியில் வந்தவைதான் இந்த ஊஞ்சல்கள். சத்தம், தொடுதல், வெளிச்சம் தாங்காத பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை உதவியிருக்கிறது. ஆனால் புலனுணர்வு சார்ந்த சிகிச்சைகளுக்கான சான்றுகள் குறைவாகவும் முடிவுக்கு வர முடியாததாகவும் இருக்கின்றன, இதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-லேயே சொல்லிவிட்டது. டி.சி.டி. உள்ள பிள்ளைக்குப் பொத்தான் போட வரவேண்டும் என்றால் பொத்தானைத்தான் கையில் கொடுக்க வேண்டும். ஊஞ்சலில் ஆடி ஆடிப் பொத்தான் போட வராது.

இரண்டாவது இடம் ஒரு வீட்டின் முன்பகுதி. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. அந்த ஓ.டி. என்னைவிடச் சின்னப் பெண். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் உள்ள வாங்க. நீங்க இல்லாம நான் என்ன பண்ண?" என்றார். முதல் நாள் முழுக்க அவர் கேள்விதான் கேட்டார். காலையில் யார் எழுப்புவது, பல் தேய்க்கும்போது எங்கே சிக்கல், எந்த வேலையில் அழுகை வருகிறது, எதை நான் செய்துவிடுகிறேன் என்று மணிக்கணக்குப்படி ஒரு நாளையே வரைந்துகொண்டார். அப்புறம் மகளிடம் திரும்பி, "உனக்கு எது நீயே செய்யணும்னு ஆசை?" என்றார்.

கையெழுத்து என்று சொல்வாள் என நினைத்தேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. அவள் சொன்னது, "கோட்டு. ஸ்கூல்ல எல்லாரும் வெளிய ஓடிடுவாங்க. டீச்சர் எனக்குப் பட்டன் போட்டு முடிக்கறதுக்குள்ள விளையாட்டு ஆரம்பிச்சிடும்."

ஒரு வருஷமாக இது அவள் மனதில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

1-லிருந்து 10 வரை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறாய், அதில் உனக்கு எவ்வளவு திருப்தி என்று மதிப்பெண் கேட்டார். கனடாவில் 1991-ல் வெளிவந்து உலகம் முழுக்க ஓ.டி.க்கள் பயன்படுத்தும் ஒரு மதிப்பீட்டு முறையின் எளிய வடிவம் அது. மகள் கோட்டுக்கு 2 போட்டாள். கையெழுத்துக்கு நான் 3 போட்டேன்.

இந்தத் தெரபியின் பெயரைப் பார்த்து, ஆக்குபேஷன் என்றால் தொழில்தானே, குழந்தைக்கு என்ன 'தொழில்' என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 1917-ல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது சிகிச்சைக்கு வந்தவர்கள் பெரியவர்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்கள் பலரை நெசவு, மரவேலை என்று கைவேலை வழியாகத்தான் தேற்றினார்கள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒருவருடைய பொழுதை நிறைக்கிற எல்லா வேலையும் என்று பொருள். குழந்தையின் பொழுதை நிறைப்பது என்ன? எழுவது, உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது, விளையாடுவது, எழுதுவது. அவைதான் அவளுடைய தொழில்.

பொத்தான் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். கோட்டை மகளுக்கு மாட்டவில்லை, மேஜையில் விரித்து வைத்தார். பொத்தானைத் துளைக்குள் முக்கால் பாகம் தானே நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளிடம் விட்டார். இழுத்தாள், வந்துவிட்டது. மறுபடி, மறுபடி. அடுத்த நாள் பாதி மட்டும் நுழைத்தார். பின்னாலிருந்து முன்னால் வருகிற முறை இது. குழந்தை தொடுகிற ஒவ்வொரு தடவையும் வேலை அவள் கையில் முடிகிறது. முதல் படியிலிருந்து தொடங்கும்போது பாதியில் தோற்று, கடைசியில் அம்மா வந்து முடிப்பதுதானே நம் வீடுகளில் நடக்கிறது?

கோட்டை உடம்பில் மாட்டியதும் எல்லாம் குழம்பியது. அப்போது அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டார். "எங்க மாட்டுது?" மகள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். "கழுத்துக்கிட்ட இருக்கற பட்டன் எனக்குத் தெரியல." "அப்ப என்ன பண்ணலாம்?" இன்னொரு நீண்ட மௌனம். எனக்கு நாக்கு நுனியில் பதில் இருந்தது, அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், வேண்டாம் என்று. "கீழ இருந்து போட்டா தெரியும்" என்றாள் மகள். கீழிருந்து தொடங்கினாள். மேல் பொத்தானுக்கு வரும்போது இரண்டு பக்கமும் நேராகச் சேர்ந்துவிட்டதால் பார்க்காமலே விரல் துளையைக் கண்டுபிடித்துவிட்டது.

இலக்கு வை, திட்டம் போடு, செய், சரிபார் என்று நாலு சொல்லில் இதைச் சொல்கிறார்கள். கனடாவில் ஹெலீன் பொலடாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் டி.சி.டி. குழந்தைகளுக்காக வளர்த்தெடுத்த முறை. தானே கண்டுபிடித்த வழியைக் குழந்தை வேறு வேலைக்கும் எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் அதன் பலம். நாலாவது வாரம் மகள் பள்ளிப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிவிட்டு, தனக்குத் தானே "எங்க மாட்டுது?" என்று முணுமுணுத்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

வீட்டில் கஷ்டப்பட்டவர் அம்மாதான். பேத்தி கையைத் தூக்கினால் சட்டை போட்டுவிடுவார், காலை நீட்டினால் செருப்பு மாட்டிவிடுவார். ஓ.டி. அம்மாவையும் வரச் சொல்லி, "அவ திணறும்போது மனசுக்குள்ள 10 வரைக்கும் எண்ணுங்கம்மா. அதுக்கப்புறமும் அவ கேட்டா மட்டும் உதவுங்க" என்றார். அன்று இரவு அம்மா என்னிடம், "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறேன். ஒரு சட்டை போட்டுவிடக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூரத்தில் இருக்கிற பேத்திக்குக் கையால் எதையாவது செய்வதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு.

அடுத்த நாள் ஓ.டி.யிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கொஞ்சம் யோசித்தார். பொத்தான் பேத்தியுடையது, தலை பின்னுவது பாட்டியுடையது என்று பிரித்துக் கொடுத்தார். பின்னல் இந்த வயதுக்கு எப்படியும் பெரியவர் வேலைதான். அப்புறம் காலை நேரம் அமைதியாகப் போனது. அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, உதடு அசைய 10 வரை எண்ணுவார்.

எழுதுவதற்கு ஓ.டி. செய்த முதல் வேலை மகளின் காலைப் பார்த்ததுதான். நாற்காலியில் மகளின் கால் அந்தரத்தில் தொங்கியது. உடம்பு ஆடாமல் இருக்கவே பாதிச் சக்தி போனால் விரலுக்கு என்ன மிஞ்சும்? காலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி வைத்தோம். நீளப் பென்சிலுக்குப் பதில் சின்னத் துண்டுப் பென்சில் கொடுத்தார், அதை முஷ்டியால் பிடிக்க இடம் இல்லாததால் மூன்று விரல் தானாகச் சேர்ந்தது. சுவரில் தாள் ஒட்டி நின்றபடி வரையச் சொன்னார். இவ்வளவுக்கும் கையெழுத்து கொஞ்சம்தான் மாறியது. 3 என்று போட்டதைக் கடைசி நாள் 4 ஆக்கினேன்.

ஷூ கயிறு வரவே இல்லை. நான் வற்புறுத்தியபோது, "சாதாரணமாவே 6, 7 வயசுக்கு மேலதான் நிறையப் பிள்ளைங்களுக்கு வரும் அக்கா. இப்ப எலாஸ்டிக் கயிறு போடுங்க, அவ ஓடட்டும்" என்றார். பிள்ளையை மாற்றுவது மட்டும் சிகிச்சை இல்லை, வேலையையும் பொருளையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுவதும் சிகிச்சைதான். இதைச் சொல்லக் கூச்சப்படாத ஓ.டி. கிடைத்தால் விடாதீர்கள்.

விடுமுறையில் வந்து இதைச் செய்ய நினைப்பவர்கள் வருவதற்கு முன்பே போனில் பேசிவிடுங்கள். பெற்றோர் உள்ளே இருக்கலாமா, இலக்கை யார் முடிவு செய்வது, கடைசியில் எழுத்தில் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். முறையாக ஓ.டி. படித்துப் பதிவு செய்தவர்தானா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். குழந்தை வீட்டில் திணறும் வேலைகளை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அணியும் கோட்டையும் ஷூவையும் கையோடு கொண்டு போங்கள். நான் கோட்டை எடுத்து வந்தது வெறும் தற்செயல், அது இல்லாமல் போயிருந்தால் இந்த 7 வாரமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

டி.சி.டி. குணமாகிவிடவில்லை. பலருக்கு வளர்ந்த பிறகும் கூடவே இருக்கும் என்று தெரிந்துதான் போனோம். புதிதாக ஒன்று கற்கும்போதெல்லாம் மகளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். கோட்டுக்கு அவள் கடைசியாகப் போட்ட மதிப்பெண் 7. ஓ.டி. எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் கடிதத்தை இங்கே பள்ளியில் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியை அவளை மற்றவர்களைவிட 5 நிமிடம் முன்னதாகக் கோட்டை எடுக்கவிடுகிறார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா வீடியோ காலில் வருகிறார். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மகள் கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்குகிறாள். நேற்று மூன்றாவது பொத்தான் நழுவி நழுவிப் போனது. திரையில் அம்மாவின் கை முந்தானையை விட்டு வெளியே வந்து, போனை நோக்கி நீண்டு, அப்படியே நின்றது. உதடு அசைந்தது. ஏழோ எட்டோ எண்ணியிருப்பார், பொத்தான் உள்ளே போய்விட்டது.