வரைபடக் கால்குலேட்டர்: ஒன்பது ஆண்டுகளும் ஒரு துளையும்

கோவைகளைத் திரையில் வளைகோடாக வரைந்துகாட்டும் என் கால்குலேட்டர், பொத்தான்கள் தேய்ந்து பழுதுபார்க்கப் போய், நேற்றுத்தான் திரும்பி வந்தது. "பிள்ளைக்கும் இதையே வாங்கட்டுமா?" என்று நண்பர் கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

காரணம் ஒரே கணக்கு: (எக்ஸ்² − 5எக்ஸ் + 6) / (எக்ஸ்² − 9). காரணிப்படுத்தினால் தொகுதியிலும் பகுதியிலும் (எக்ஸ் − 3) வரும். அதை அடித்துவிட்டால் மிஞ்சுவது (எக்ஸ் − 2) / (எக்ஸ் + 3). ஆனாலும் எக்ஸ் = 3 என்ற இடத்தில் மூலக் கோவைக்கு மதிப்பு கிடையாது. அங்கே தொலைத்தொடுகோடும் (வளைகோடு நெருங்கிக்கொண்டே போகும் நேர்கோடு) இல்லை, 1/6 உயரத்தில் ஒரு துளை, அதாவது ஒரே ஒரு புள்ளி விடுபட்ட இடம், மட்டும் இருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன கருவி அந்தத் துளையை விழுங்கிவிட்டு வளைகோட்டை வழவழவென்று வரைகிறது! துளையைக் குறிக்காத மாணவியிடம் ஏன் என்று கேட்டேன். "திரையில் கோடு எங்குமே அறுபடவில்லையே, சார்" என்றாள். அவளை எப்படிக் கடிந்துகொள்வது?

எக்ஸ் = −3 அருகே செங்குத்தாக ஒரு கோடும் போடுகிறது. அதைத் தொலைத்தொடுகோடு என்றே நானும் ஓராண்டு நம்பியிருந்தேன். இடப்புறம் மேலே ஏறிய புள்ளியையும் வலப்புறம் அடியில் கிடக்கும் புள்ளியையும் இணைத்து அது போடும் போலிக்கோடு அது.

திரையின் அகலம் 95 புள்ளிகள். திரையில் எக்ஸின் எல்லை −10 முதல் 10 வரை என்றால் எந்தப் புள்ளியும் சரியாக 3இல் விழாது, அதனால்தான் துளை தெரிவதில்லை. −4.7 முதல் 4.7 வரை வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 0.1 இடைவெளி. அப்போது 3இல் கோடு ஒரு புள்ளியளவு விட்டுப்போகிறது, போலிக்கோடும் காணாமல் போகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அட்டவணை வசதியைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸுக்கு 100 கொடுத்தால் 0.9515, 1000 கொடுத்தால் 0.9950. ஒய் = 1 என்ற கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை நோக்கி மதிப்புகள் நெருங்குவதை மாணவர்கள் கண்ணால் காண்கிறார்கள். 3 கொடுத்தால் பிழை என்று நேர்மையாகச் சொல்கிறது. மின்கலமும் மாதக்கணக்கில் நிற்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பகுதியைப் பூச்சியமாக்கும் எண்களை ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பிறகே பொதுக்காரணியை அடிக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு முதலில் வரட்டும். அடுத்த ஆண்டு கேட்டால் என்னுடையதையே கொடுத்துவிடுகிறேன், எல்லையை −4.7க்கு மாற்றிவைத்து.