வெள்ளவத்தைத் திருத்தகம் ஒன்று: வட்டை அழிக்காமல் விண்டோஸ் 11 நிறுவிய வேலை

கொழும்பில் மடிக்கணினிக்கு விண்டோஸ் மீள நிறுவித் தரும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் நுழைந்தால் கடை கடையாக விலை விசாரித்தே ஒரு பகலைக் கழித்துவிடலாம். ஆனால் நிறுவும் வேலை வட்டுப் பிரிப்புத் திரையில் பிழை காட்டி நின்றுவிட்டால், நான் விசாரித்த இடங்களில் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “எல்லாத்தையும் அழிச்சுப் ஃபோர்மட் பண்ணத்தான் வேணும்.” வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சிறிய திருத்தகம் அப்படிச் சொல்லவில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

என்னுடையது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட மடிக்கணினி. இயங்குதளம் இல்லாமல் விற்கப்பட்ட அதில், விற்றவர்களே பயோஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை, பழைய ‘லெகஸி’ முறையில் வைத்து விண்டோஸ் 10 நிறுவி, வட்டை சி, டி, இ என மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதன் பிறகு அந்த விண்டோஸும் சேதமாகித் தொடங்க மறுத்தது. விண்டோஸ் 11 யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையையும், தொடங்கும்போது நம்பகமற்ற மென்பொருள் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதியையும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறையும் எதிர்பார்ப்பதால், பயோஸில் முறையை மாற்றிப் பென் டிரைவிலிருந்து நிறுவத் தொடங்கினேன். வட்டில் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு அட்டவணை இருப்பதாகவும், இ.எஃப்.ஐ. (யூ.ஈ.எஃப்.ஐ.) கணினிகளில் ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை உள்ள வட்டில் மட்டுமே விண்டோஸை நிறுவலாம் என்றும் திரை அறிவித்துவிட்டது.

இந்தப் பிழையைக் கண்டு வட்டு பழுதாகிவிட்டது என்று அஞ்சுபவர்கள் பலர். வட்டில் பழுது எதுவும் இல்லை. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணைதான் பழையது. எம்.பி.ஆர். பிரிப்பு முறை 1983இல் ஐ.பி.எம். கணினிகளுக்கான டொஸ் 2.0 உடன் வந்தது. அதில் 4 முதன்மைப் பகுதிகளுக்கு மட்டுமே இடம் உண்டு. வழமையான 512 பைட் அலகுகளில் கணக்கிட்டால் 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் கையாள முடியாது. ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை ஏற்கிறது; அட்டவணையின் மறுபிரதி ஒன்றும் வட்டின் கடைசியில் இருக்கிறது. ஆகவே தேவைப்பட்டது அட்டவணையை மாற்றுவதே தவிர, உள்ளே இருக்கும் கோப்புகளைத் துடைப்பதல்ல.

துடைப்பது சுலபம் என்பதை மறுக்கவில்லை. நிறுவும் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 விசைகளை அழுத்தி, வட்டைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து, வட்டைத் தெரிவுசெய்து ‘கிளீன்’ என்று கட்டளையிட்டால், ஓரிரு விநாடிகளில் பிரிப்புகள் அனைத்தும் மறைந்துவிடும். அவ்வளவு குறுகிய வேலை என்பதால்தான் கடைகள் அதை விரும்புகின்றன என்பது என் எண்ணம். பயோஸை மறுபடி லெகஸிக்கே திருப்பி, பழைய முறையில் நிறுவித் தருவதாகச் சொன்னவர்களும் உண்டு. அது பிழையை மறைக்குமே தவிர, செக்யூர் பூட்டை இயங்கவிடாது.

வெள்ளவத்தைக் கடையில் இருந்த தொழில்நுட்பவியலாளர் முதலில் அட்டவணையை வாசித்துப் பார்த்தார். விண்டோஸுடன் 2017 முதல் வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி தரவுகளை அழிக்காமலே மாற்றித் தரும். ஆனால் முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, நீட்டிக்கப்பட்ட பகுதி (உள்ளே மேலும் பிரிவுகளை வைக்கும் பகுதி) அறவே இருக்கக்கூடாது, வட்டிலுள்ள விண்டோஸின் தொடக்கப் பதிவுகளும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். என் டியும் இயும் நீட்டிக்கப்பட்ட பகுதிக்குள் உருவாக்கப்பட்டிருந்தன. சியில் இருந்த விண்டோஸும் சேதம். எனவே அவர் லினக்ஸ் பென் டிரைவில் இருந்து கணினியைத் தொடங்கி, டி, இ இரண்டையும் வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதியெடுத்து, அதன் பிறகே ஜிடிஸ்க் கருவியால் அட்டவணையை ஜி.பி.டி.க்கு மாற்றினார். நீட்டிக்கப்பட்ட பகுதிக்குள் இருப்பவற்றையும் அந்தக் கருவி தனித்தனிப் பகுதிகளாக எழுதிவிடும். மின்கலம் நிறையும் வரை மாற்றத்தை வட்டில் எழுதாமல் காத்திருந்ததையும் கவனித்தேன். மின்வெட்டுகளோடு வாழ்ந்து பழகிய ஊரில் இது மிகையான எச்சரிக்கை அல்ல.

பிறகு விண்டோஸ் நிறுவும் திரைக்குத் திரும்பி, பழைய சியையும் அதற்கு முன்னிருந்த சிறிய தொடக்கப் பகுதியையும் மட்டும் நீக்கி, வெறுமையான அந்த இடத்தைத் தெரிவுசெய்தார். தொடக்கக் கோப்புகளுக்கான இ.எஃப்.ஐ. பகுதியையும், தனக்கென வைத்துக்கொள்ளும் 16 மெகாபைட் ஒதுக்கீட்டுப் பகுதியையும் விண்டோஸே உருவாக்கிக்கொண்டது. டியும் இயும் இருந்தபடியே இருந்தன. வெளி வன்தட்டில் எடுத்த பிரதி தேவைப்படவே இல்லை.

இனிக் குறைகள். முதலாவது சிறியது: பற்றுச்சீட்டில் ‘சொஃப்ட்வெயர் வேலை’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இத்தனை நுணுக்கமாகச் செய்த வேலையை, அடுத்த முறை வேறொருவர் திறந்து பார்க்கும்போது அறியும்படி இரண்டு வரியில் எழுதித் தந்திருக்கலாம். இரண்டாவது பாரதூரமானது. முதல் அமைப்பின்போது கேட்கப்படும் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குக் கடையின் சொந்தக் கணக்கையே பயன்படுத்தியிருந்தார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி அத்தகைய கணக்கால் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் சாவி இல்லாமல் கோப்புகளை வாசிக்க முடியாதபடி பூட்டும் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கும். அதற்கான 48 இலக்க மீட்புச் சாவி, நுழைந்த கணக்கிலேயே சேமிக்கப்படும். அதாவது என் கோப்புகளுக்கான சாவி கடையின் கணக்கில் இருந்தது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைப் புரட்டியபோது தற்செயலாகக் கண்டேன். கொண்டுபோய்ச் சொன்னதும் மறுக்கவில்லை. குறியாக்கத்தை நிறுத்தி, அவர்களின் கணக்கை நீக்கி, என் கணக்கில் மீண்டும் இயக்கித் தந்தார்கள், மேலதிகமாக எதுவும் அறவிடவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கேட்காமலே செய்ய வேண்டியது இது.

கட்டணம், சாதாரண ஃபோர்மட் வேலைக்குக் கேட்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. வட்டில் காப்பாற்ற எதுவும் இல்லாதவர்கள் இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. டியிலும் இயிலும் பல ஆண்டுப் படங்களையும் கணக்குகளையும் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் இந்தக் கடையைச் சொல்வேன். கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிரதியெடுப்பதிலேயே நெடுநேரம் போய்விடுவதால் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் கடை பூட்டு.