கதிர்காமமா, மண்டூரா?

இந்த ஆடிக்குக் கதிர்காம முருகனிடம் காட்டுவழி நடப்பதா, மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோவிலோடு நிறுத்துவதா என்று மச்சாள் கேட்டாள்.

செலவு: நடைக்குக் காசு குறைவு, லீவுதான் அதிகம். காடு தொடங்கும் உகந்தையிலிருந்தே நான்கைந்து நாள். மண்டூர் என்றால் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறினால் சரி, கோவில் வாவிக்கு அந்தப் பக்கம்.

உடம்பு: உகந்தை தாண்டினால் குமண, யால காடு. அரிசி, தண்ணீர் எல்லாம் நாமே சுமக்க வேண்டும். கும்புக்கன் ஆற்றில் இறங்கி, ஈரச் சாறத்தோடு மணலில் கிடந்த மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது, ஒருவரும் பேசவில்லை. அது மண்டூரில் கிடைக்காது.

பூசை: இரண்டிலும் பூசை செய்பவர் துணியால் வாய் கட்டித்தான், திரைக்குப் பின்னால்.

நேர்த்தி வைத்தவர் நடக்கட்டும். ஊரே போகிறது என்பதற்காக என்றால் வேண்டாம். மச்சாளுக்குக் கைக்குழந்தை, மண்டூர் போதும் என்றேன். மாமிக்குத்தான் முகம் சரியில்லை.