தலமாட்டுல வைக்க கிளாக் ரேடியோ, கரண்ட் போற ஊருக்கு எது சரிவரும்?

போன்லயே அலாரம் இருக்கே, எதுக்கு தனியா ஒரு பெட்டின்னு கேப்பீங்க. எங்க அம்மா நாலரைக்கு எந்திரிச்சு அடுப்ப பத்தவச்சு ரொட்டி சுட்டு வச்சுட்டு, தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்கு ஓடணும், அவங்களுக்கு ஸ்கிரீன தள்ளி அலாரத்த நிப்பாட்டுறதெல்லாம் சரிவராது, இருட்டுல தடவி ஒரு தட்டு தட்டுனா நிக்கணும். அதுக்குத்தான் இலங்கை மலையகத்துல எங்க பக்கத்து ஹட்டன் டவுன்ல இந்த கிளாக் ரேடியோவ எடுத்தேன். பிராண்ட் பேர் கேக்காதீங்க, ஒரே பெட்டிய நாலு பேருல விக்கிறாங்க.

கடையில இருந்த தம்பி ப்ளூடூத் இருக்கு கலர் லைட் எரியும்னு காட்டிக்கிட்டே இருந்தாரு, நான் திருப்பிப் போட்டு அடியில இருக்க ஸ்டிக்கரத்தான் பாத்தேன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கணும். எங்க சின்னம்மா சவுதியில வேலை முடிஞ்சு வரப்ப ஒண்ணு கொண்டு வந்தாங்க, அழகான சாமான், ஆனா மணிக்கு பத்து நிமிசம் பின்னுக்கு போகும், ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம்! அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50, பழைய மாடலெல்லாம் கரண்ட்டோட துடிப்ப எண்ணித்தான் நேரத்த ஓட்டும், அதான் கோளாறு. சிலதுல 50/60ன்னு குட்டி சுவிட்ச் இருக்கும், இருந்தா தப்பிச்சீங்க. செகண்ட்ஹேண்ட் ஜப்பான் சாமான்னா இன்னும் மோசம், அது 100 வோல்ட்டுக்கு செஞ்சது, பழசுல எஃப்எம் 76ல இருந்து 90 வரைக்கும்தான் ஓடும், நம்ம ஸ்டேஷன்லாம் பெரும்பாலும் அதுக்கு மேலதானே.

அடுத்தது பெட்டரி. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனத யாரும் மறந்திருக்க மாட்டீங்க, இப்ப அப்படி இல்லன்னாலும் பின்னேரம் இடி இடிச்சா எங்க தோட்டத்து டிவிசன்ல கரண்ட் போயிரும். பெட்டரி இல்லாட்டி கரண்ட் வந்ததும் 12:00ன்னு சிமிட்டிக்கிட்டே கெடக்கும், அலாரமும் போச்சு. இதுல அடியில சின்ன மூடிய தொறந்தா 9 வோல்ட் பெட்டரி போடுற இடம் இருக்கு. கரண்ட் போனா நம்பர் அணைஞ்சிரும் ஆனா உள்ள நேரம் ஓடும், பிளக்க கழட்டி வச்சு டெஸ்ட் பண்ணேன், ரேடியோ பாடல, பசர் மட்டும் மெல்லிசா கத்துச்சு, அது போதும். ராத்திரி முழுக்க பெட்டரியில ஓடுனா நேரம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகுது, மறுநாள் திருத்திக்கிறோம். பெட்டரி மாத்துறப்ப பிளக் சொருகியே இருக்கட்டும், இல்லாட்டி எல்லாம் அழிஞ்சிரும்.

ரேடியோ விசயத்துல கடையில கேக்குறத நம்பவே நம்பாதீங்க. டவுன்ல சூரியன், சக்தி, தென்றல் ஸ்டேஷன் எல்லாம் கண்ணாடி மாதிரி பாடுச்சு, வீட்டுக்கு கொண்டு வந்தா ஒரே இரைச்சல், எஃப்எம் நேர்கோட்டுல போற சாமான், நடுவுல மலை நின்னா அவ்வளவுதான். பின்னால எலிவால் கணக்கா தொங்குற வயர்தான் ஏரியல், அத சுருட்டி வைக்காம யன்னல் சட்டத்துல நீட்டி டேப் ஒட்டுனதும் தென்றல் தெளிவாயிருச்சு. ஒரே ஸ்டேஷன் ஊருக்கு ஊர் வேற நம்பர்ல வரும், அதனால கடைக்காரர் போட்டுக் குடுத்தத அழிச்சுட்டு வீட்டுல வச்சு தேடுங்க.

வெளிச்சம் செவப்பு, கண்ண குத்தல, ஆனா லோவுல வச்சாலும் லயத்து காம்பராவுக்கு, அதான் வரிசை வீட்டு சின்ன ரூமுக்கு, இது கூடத்தான், நாங்க நம்பர சுவத்து பக்கம் திருப்பி வச்சிருக்கோம் (அப்ப நேரம் பாக்க முடியாதேன்னு தங்கச்சி சிரிக்கிறா). கரண்ட்ல ஓடுறப்ப பசருக்கு ஒரே சத்தம்தான், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, அடுத்த காம்பரா அக்காவும் சேந்து எந்திரிச்சிர்றாங்க. அதனால அம்மாவுக்கு ரேடியோ அலாரத்துல விட்டிருக்கேன், தூங்கப் போறப்ப வொல்யூம் பூச்சியத்துல இல்லையான்னு மட்டும் பாக்கணும், இல்லாட்டி அது பாட்டுக்கு சத்தமில்லாம பாடும். நம்பருக்கு பக்கத்துல குட்டிப் புள்ளி எரிஞ்சா பிஎம், அத கவனிக்காம வச்சா பின்னேரம் நாலரைக்குத்தான் அடிக்கும். மேல இருக்க பெரிய பட்டன தட்டுனா 9 நிமிசம் சும்மா இருந்துட்டு திரும்ப பாடும்.

ஏழாயிரத்துக்கு கொஞ்சம் கீழ ஆச்சு, ஆறு மாச வாரண்டி. வாங்குறவங்க 9 வோல்ட் பெட்டரி ஒண்ணையும் அதே கடையில சேத்து எடுத்துக்கிட்டு வாங்க, பெட்டிக்குள்ள வராது, மேல தோட்டத்து கடையில தேடுனா ரிமோட்டுக்கு போடுற சின்னதுதான் கிடைக்கும்.