ஸ்மெர்ச்சும் ஹைமார்ஸும்: உக்ரைன் களத்தில் இரண்டு பல்குழல் ராக்கெட் ஏவிகள்

அளவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்மெர்ச்சின் பக்கத்தில்கூட ஹைமார்ஸால் நிற்க முடியாது. ரஷ்யாவின் துலா நகரிலுள்ள ஸ்ப்ளாவ் நிறுவனம் வடிவமைத்து, 1980களின் பிற்பகுதியில் சோவியத் படையில் சேர்ந்த ஸ்மெர்ச், எட்டுச் சக்கர மாஸ்-543 லாரியின் முதுகில் 300 மி.மீ. விட்டமுள்ள 12 குழல்களைச் சுமந்து நிற்கும், 43 டன்னைத் தாண்டும் வாகனம். அதன் ராக்கெட் ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர் நீளமும் 800 கிலோ எடையும் கொண்டது. பன்னிரண்டும் 38 நொடிகளில் குழலை விட்டுக் கிளம்பிவிடும். 2005-ல் அமெரிக்கப் படைக்கு வந்த ஹைமார்ஸோ ஆறு சக்கர ராணுவ லாரி. எடை ஏறத்தாழ 16 டன். சுமப்பது 227 மி.மீ. ராக்கெட்டுகள் ஆறே ஆறு. இருவரும் எட்டும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்: எழுபது கிலோமீட்டரும் அதற்குச் சற்று மேலும்.

ஆனால் இந்த இரண்டும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஸ்மெர்ச்சின் வழக்கமான கொத்துக் குண்டு ராக்கெட்டுக்குள் 72 சிறு குண்டுகள் இருக்கும். ஒரு வாகனம் முழுவதுமாகச் சுட்டால் 864 குண்டுகள் ஏறத்தாழ 67 ஹெக்டேர் பரப்பில் விழும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. திறந்தவெளியில் அணிவகுத்து நிற்கும் டாங்கிப் படை, விமானத் தளம், துருப்புகள் கூடும் இடம் ஆகியவையே அது குறிவைத்த இலக்குகள். சோவியத் படையின் பழைய, வழிகாட்டுதலில்லாத கிராட் ராக்கெட்டைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு பறப்பதல்ல இது. புறப்பட்ட சில நொடிகளில் தன் திசையைத் தானே திருத்திக்கொள்ளும். அப்படியும் 70 கி.மீ. தொலைவில் நூறு மீட்டருக்கு மேல் விலகுவது இயல்பு. ஹைமார்ஸ் ராக்கெட் ஜிபிஎஸ் துணையோடு இலக்கு வரை திசை திருத்திக்கொண்டே போய்ச் சில மீட்டருக்குள் விழும். அதனால் சுமார் 90 கிலோ வெடிமுனையே அதற்குப் போதுமானதாகிறது.

2022 ஜூனில் உக்ரைனுக்கு வந்து சேர்ந்த ஹைமார்ஸ், ஜூலையில் கெர்சோனின் அந்தோனிவ்ஸ்கி பாலத்தைத் தாக்கியபோது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கான்கிரீட் பாலத்தை 90 கிலோ வெடிமுனையால் வீழ்த்த முடியவில்லை. நவம்பரில் பின்வாங்கிய ரஷ்யப் படைதான் அதை வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால் ஒரே தடத்தில் வரிசையாகத் துளைகள் விழுந்த பாலத்தின் மீது கனரக லாரிகள் போக முடியாமல் போயின. தினீப்ரோ ஆற்றின் மேற்குக் கரையிலிருந்த ரஷ்யப் படைக்குச் சரக்கு படகிலும் மிதவையிலும் போக வேண்டியதாயிற்று. அதே மாதங்களில் வெடிமருந்துக் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்டதால், ரஷ்யர்கள் அவற்றைப் பின்னுக்கு நகர்த்திச் சிறு சிறு குவியல்களாகப் பிரித்து வைத்தார்கள். ஸ்மெர்ச்சால் இதைச் செய்திருக்க முடியாது. பாலத்தைவிட ஆற்றுக்கே அதிக அடி விழுந்திருக்கும்.

ஸ்மெர்ச் செய்ததை கார்கிவில் பார்த்தோம். 2022 பிப்ரவரி 28 அன்று அந்நகரின் மூன்று குடியிருப்புப் பகுதிகளில் அதன் கொத்துக் குண்டு ராக்கெட்டுகள் விழுந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆவணப்படுத்தியது. சிறு குண்டுகளை வானில் உதறிய பிறகு ராக்கெட்டின் நீண்ட வெற்றுக்கூடு கீழே வந்து தார்ச்சாலையில் குத்திட்டு நிற்கும். அந்தப் போரின் முதல் வாரங்களின் புகைப்படங்களில் அடிக்கடி தென்பட்ட உலோகத் தூண் அதுதான். வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள் பின்னாளில் உயிரை வாங்கும். உக்ரைனிடமும் ஸ்மெர்ச் இருந்தது, அதுவும் கொத்துக் குண்டு வீசியது. கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் 2008 உடன்படிக்கையில் ரஷ்யா, உக்ரைன், அமெரிக்கா மூன்றுமே சேரவில்லை. ஆயினும் மக்கள் வாழும் ஊருக்குள் ஸ்மெர்ச்சைத் திருப்புவதைக் குறி பிசகியது என்று சொல்லித் தப்ப முடியாது. பரப்பை அழிக்கவே செய்யப்பட்ட கருவி அது.

பலரும் கவனிக்காத வேறுபாடு, சுட்டு முடித்த பிறகு நடப்பது. ஸ்மெர்ச் சுடுவதற்கு முன் தாங்குகால்களை இறக்கி நிற்க வேண்டும். சுட்டபின் அவற்றை மடக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிறகு கிரேன் பொருத்திய இன்னொரு லாரி பக்கத்தில் வந்து, 800 கிலோ ராக்கெட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குழலுக்கு நேராகப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். பன்னிரண்டுக்கும் இருபது நிமிடமாவது ஆகும். ஹைமார்ஸில் ஆறு ராக்கெட்டும் ஆலையிலேயே மூடி முத்திரையிட்ட ஒரே பெட்டியாக வரும். வாகனத்தின் சொந்தப் பளுதூக்கியே காலிப் பெட்டியை இறக்கிப் புதியதை ஏற்ற, மூன்று பேர் குழு சில நிமிடங்களில் முடித்துவிடும். தலைக்கு மேல் எந்நேரமும் டிரோன் சுற்றும் களத்தில் அந்தப் பதினைந்து நிமிட இடைவெளி உயிர்ப் பிரச்சினை.

ஹைமார்ஸுக்கும் குறைகள் உண்டு, அவை சிறியனவும் அல்ல. எங்கே அடிப்பது என்று செயற்கைக்கோளும் உளவும் சொல்லாவிட்டால் அது வெறும் விலையுயர்ந்த லாரி. ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்பும் ரஷ்யர்களின் ஜாமிங் வலுத்த பிறகு அதன் துல்லியம் குறைந்தது. பரந்து கிடக்கும் துருப்புகளைச் சமாளிக்க, 1,82,000 டங்ஸ்டன் துகள்களைச் சிதறடிக்கும் மாற்று வெடிமுனை இருக்கிறது. என்றாலும் ஆறு ராக்கெட்டால் ஒரு பெரும்படையின் பாய்ச்சலை நிறுத்துவது கடினம். இலக்கின் சரியான இடம் தெரியாமல் ‘அந்தத் தோப்புப் பக்கம்’ என்று மட்டுமே தெரிந்த தளபதிக்கு ஸ்மெர்ச்சே கைகொடுக்கும்.

ஸ்மெர்ச்சின் வாரிசுகளும் ஹைமார்ஸின் வழிக்கே வந்திருக்கின்றன. ரஷ்யாவின் டொர்னாடோ-எஸ் செயற்கைக்கோள் வழிகாட்டுதலோடு 120 கி.மீ. வரை போகிறது, உக்ரைன் அதே 300 மி.மீ. அளவில் வில்கா என்ற வழிகாட்டு ராக்கெட்டைத் தானே உருவாக்கிக்கொண்டது. 2005 ஒப்பந்தத்தில் ஸ்மெர்ச் வாங்கிய இந்தியா, கார்கில் போரில் முதன்முதலாகக் களமிறக்கிய சொந்தப் பல்குழல் ஏவியான பினாகாவைப் பிடித்துக்கொண்டு வேறொரு கலவையைத் தேர்ந்தது: 44 நொடியில் 12 ராக்கெட் என்ற பரப்புத் தாக்குதலை விடவில்லை, 75 கி.மீ. செல்லும் வழிகாட்டு ராக்கெட்டையும் சேர்த்துக்கொண்டது. குழல்களையும் ஆறு ஆறாக இரண்டு பெட்டிகளில் அடைத்தது.