பத்திரக் கோப்புகளை ஒன்றாக்க பிடிஎஃப்சாம் பேசிக்: பல வருஷம் பயன்படுத்திய பிறகு

பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் வேலை. வங்கிக் கடனென்று யாராவது வந்தால் தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு நான் நம்பியிருப்பது பிடிஎஃப்சாம் பேசிக். கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது.

இணைத்துத் தரும் இணையதளங்கள் ஏராளம். ஆனால் கோப்பை முதலில் அவர்கள் சர்வரில் ஏற்றியாக வேண்டும். களக்காட்டு வாழை விவசாயி ஒருவர் "அண்ணாச்சி, பாத்து வச்சுக்கிடுங்க" என்று கையில் தந்துவிட்டுப் போகும் பத்திரத்தை அப்படி வெளியே அனுப்ப எனக்கு மனசு ஒப்பாது. இதில் எல்லாம் நம் கணினிக்குள்ளேயே முடிந்துவிடும், இணைய இணைப்பே தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வசதி. தாய்ப்பத்திரம் பதினொரு பக்கம் என்று வையுங்கள். அப்படியே இணைத்து இருபக்கமும் பிரிண்ட் போட்டால், அடுத்த பத்திரத்தின் முதல் பக்கம் இதன் கடைசித் தாளின் முதுகில் விழும். பிறகு தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது. ஒற்றைப்படையில் முடியும் ஆவணத்துக்குப் பின்னால் வெற்றுப் பக்கம் சேர்க்கும் தேர்வு இதில் இருக்கிறது. அதை டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு பத்திரமும் புதுத் தாளில் தொடங்கும். பழைய முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம் என்பதால் பக்க அளவுகள் கலந்து வரும். அதைச் சீராக்கவும் வழி உண்டு. ஒரு கோப்பில் 1-3, 7 என்று வேண்டிய பக்கங்களை மட்டும் எடுக்கலாம். பொருளடக்கப் பக்கமும் தானே போட்டுத் தரும்.

கோப்பின் அளவைக் குறைப்பது இதன் வேலையில்லை. ஸ்கேன் படங்களைத் தொடாமல் அப்படியே கோப்பதால் எழுத்து மங்காது, ஆனால் எல்லாவற்றின் எடையும் சேர்ந்து வரும். வங்கித் தளம் ஏற்க மறுத்தால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு மென்பொருள் கொண்டு தனியாகச் சுருக்குகிறேன். மங்கிப்போன பழைய கையெழுத்துப் பத்திரங்களை மட்டும் சுருக்குவதில்லை. சர்வே எண்ணில் ஒரு இலக்கம் கலங்கினாலும் வினை.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். இறக்கிய ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு, அதைக் கொடுத்தால்தான் இணையும். இணைந்து வரும் கோப்பிலோ அந்தப் பூட்டு இருக்காது. அடுத்தது, மின்கையொப்பம் உள்ள வில்லங்கச் சான்று. எந்த மென்பொருளில் இணைத்தாலும் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். அதனால் அதன் மூலக்கோப்பைத் தனியாகவும் சேர்த்தே அனுப்புகிறேன்.